வேகமாகக் குறிப்பெடுக்கும்போது மைப்பேனா மக்கர் செய்தால்: அறிகுறி வாரியாக நிப் கோளாறும் தீர்வும்

நிதானமாக எழுதும்போது ஏறக்குறைய எல்லா நிப்பும் நல்ல நிப்புதான். பேசுகிறவரின் வேகத்துக்குக் கை ஓட ஆரம்பித்ததும்தான் அதன் குணம் வெளியே வரும். வேகத்தில் நிப் தாளைத் தொட்டு எடுக்கும் நேரம் குறைகிறது, அழுத்தம் எழுத்துக்கு எழுத்து மாறுகிறது, பேனா விரல்களுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக உருள்கிறது. இந்த மூன்றையும் தாங்குகிற நிப்தான் குறிப்பெடுக்கும் நிப். ஆனால் கோளாறு என்று வரும்போது எடுத்தவுடன் நிப்பைக் குற்றம் சொல்லி வேறொன்று வாங்கிவிடாதீர்கள். மை, தாள், கையின் அழுத்தம் என்ற மூன்றில் ஒன்று காரணமாக இருந்தால், புது நிப்பும் அதே வேலையைத்தான் காட்டும்.

கீழே வரும் சில சொற்களை முதலில் சொல்லிவிடலாம். நிப்பின் நடுவே ஓடும் கோடு பிளவு. அதன் இருபுறமும் இருப்பவை கால்கள். தாளைத் தொடும் இடத்தில் பற்றவைத்திருக்கும் சிறு உலோக உருண்டை நுனிக்குண்டு. நிப்புக்கு அடியில் மையைக் கொண்டுவந்து, அதற்கு ஈடாகக் காற்றை உள்ளே அனுப்பும் கறுப்புத் துண்டு நாக்கு. இவை இரண்டும் செருகியிருக்கும், நாம் பிடித்து எழுதும் பகுதி கழுத்து.

தேவையான கருவிகள் அதிகமில்லை. நகை பார்க்கும் 10 மடங்கு லென்ஸ், ஊசி இல்லாத சிரிஞ்ச், பாத்திரம் கழுவும் திரவ சோப்பு, 0.05 மி.மீ. கனமுள்ள பித்தளைத் தகடு, 12000 எண் கொண்ட மைக்ரோமெஷ் என்ற மெருகுத் தாள். இவற்றில் லென்ஸ் இல்லாமல் நிப்பில் கை வைக்கவே வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கோளாறை ஊகத்தில் சரிசெய்யப் போனால் இருப்பதும் கெட்டுவிடும்.

முதலில் ஒரு அடிப்படைச் சோதனை

பேனாவைக் கழுவி, அடங்கிய குணமுள்ள சாதாரண நீல மையை நிரப்பி, 80 ஜிஎஸ்எம் வழுவழுப்பான தாளில் ஒரு பக்கம் எழுதுங்கள். மினுமினுப்புத் துகள் கலந்த மை, நிறமித்துகள் மை, நீரில் கரையாத மை எதுவும் இந்தச் சோதனைக்கு ஆகாது. கோளாறு மறைந்துவிட்டால் பழைய மையோ தாளோதான் காரணம். மறையவில்லை என்றால் மேலே படியுங்கள். சோப்புக் கழுவலுக்கு அளவு: 200 மி.லி. வெதுவெதுப்பான நீருக்கு ஒன்றிரண்டு சொட்டு சோப்பு. சிரிஞ்சால் 15, 20 முறை கழுத்துக்குள் செலுத்தி, பிறகு வெறும் நீரில் நுரை போகும்வரை அலசவேண்டும். கொதிநீர் கூடவே கூடாது. பிளாஸ்டிக் நாக்கு வளைந்துவிடும். புதுப் பேனாவையும் ஒருமுறை இப்படிக் கழுவுவது நல்லது, ஏனென்றால் தயாரிப்பின்போது பட்ட எண்ணெய்ப் பிசுக்கு நாக்கின் கால்வாய்களில் ஒட்டியிருக்கலாம்.

அறிகுறி: புள்ளி விழவில்லை, எழுத்தின் முதல் கீற்று காணாமல் போகிறது

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மற்ற எல்லாவற்றையும்விடத் தொல்லை தருவது இதுதான். ரோமன் எழுத்தில் ஒரு கீற்றின் தொடக்கம் விட்டுப்போனாலும் சொல் புரிந்துவிடும். தமிழில் மெய்யின் புள்ளி விட்டுப்போனால் சொல்லே மாறுகிறது. ‘எடுத்தான்’ என்று நாம் எழுதியது ‘எடுததான’ என்று தாளில் கிடக்கும். புள்ளி என்பது நிப்பைச் சும்மா தொட்டு எடுப்பது. இழுப்பு இல்லை, அழுத்தமும் இல்லை. ஆகவே மை தாளை எட்டுவதில் ஏதாவது தடை இருந்தால் அது முதலில் புள்ளியில்தான் தெரியும். ஒரு நிப் வேகத்துக்கு ஆகுமா என்று பார்க்க, ‘க்’ என்பதைத் தொடர்ந்து முப்பது தரம் வேகமாக எழுதிப் புள்ளிகளை எண்ணிப் பாருங்கள். சுழித்துச் சுழித்துக் கோலம் போடுவதைவிட இது கறாரான பரீட்சை.

புள்ளி ஏன் தவறுகிறது என்பதைக் காலக்கணக்கு வைத்துப் பிரிக்கலாம். மூடியைத் திறந்தவுடன் நாலைந்து சொல் எழுதுங்கள். பிறகு மூடாமல் 30 விநாடி, 1 நிமிடம், 2 நிமிடம் என்று விட்டு, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு புள்ளி வையுங்கள்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே புள்ளி தவறுகிறது, கொஞ்சம் அழுத்தினால் வந்துவிடுகிறது என்றால் நுனிக்குண்டின் உருவத்தில் கோளாறு. பிளவின் இரண்டு உள்விளிம்புகளும் அளவுக்கு மீறி மழுங்கி, நடுவில் ஒரு குழிவு உண்டாகியிருக்கும். லென்ஸில் நுனியை நேருக்கு நேர் பார்த்தால் பின்னந்தொடைகளின் நடுவே இருக்கும் பிளவு போலத் தெரியும். பேனா ஆட்கள் இதற்குக் ‘குழந்தையின் பிட்டம்’ என்று பொருள்படும் பெயரே வைத்திருக்கிறார்கள். மை அந்தக் குழியின் மேல்மட்டத்தில் நிற்கிறது, தாளோ கீழே இருக்கிறது, இரண்டும் சந்திப்பதில்லை. இந்த நிப் வெண்ணெய் மாதிரி வழுக்கும் என்பதால் வாங்கும்போது ஏமாந்துவிடுவோம். கடையில் வைத்து ரொம்பவும் வழுவழுவென்று ஓடும் நிப்பைக் கொஞ்சம் சந்தேகத்தோடே பாருங்கள்.

நன்றாக வழியும் மை ஊற்றினால் இந்தக் கோளாறு பாதி மறையும். முழுத் தீர்வு, நுனியின் அடிப்பரப்பை மைக்ரோமெஷில் தேய்த்துக் குழியின் விளிம்புகள் தாளைத் தொடும் மட்டத்துக்குக் கொண்டுவருவது. நிப்பில் மை இருக்கும்போதே, நீங்கள் எழுதும் அதே சாய்வில், அழுத்தாமல் 8 என்ற வடிவம் போடுங்கள். பத்து எட்டு போட்டதும் நிறுத்தி, துடைத்து, லென்ஸில் பார்த்து, எழுதிப் பார்க்கவேண்டும். தேவையென்றால் இன்னும் பத்து. எஃகு நிப் என்றால் இத்தனை பாடுபடுவதைவிட மாற்றிவிடுவதே லாபம்.

எழுதும்போது சரி, 1 நிமிடம் விட்டால் மட்டும் தவறுகிறது என்றால் நுனியில் மை உலர்கிறது. ஒருவர் பேசுவதைக் கேட்டுவிட்டுப் பிறகு எழுதும் வேலையில் இது அடிக்கடி வரும். காரணம் பெரும்பாலும் மை. அடர்ந்த சாயமுள்ள சிவப்பு, ஊதா வகைகளும், காய்ந்தபின் உலோகப் பளபளப்புக் காட்டும் மைகளும் நுனியில் சீக்கிரம் கெட்டியாகும். மையை மாற்றியும் தீராவிட்டால் கால்கள் நெருங்கிப்போய் மை குறைவாக வருகிறதா என்று பார்க்கவேண்டும், வழி அடுத்த பகுதியில் வருகிறது. நிப்பின் பெரும்பகுதி கழுத்துக்குள் மறைந்து நுனி மட்டும் எட்டிப்பார்க்கும் அமைப்பு இங்கே உதவும். 1941-இல் வந்த பார்க்கர் 51, 1966-இல் வந்த லாமி 2000 இரண்டும் அந்த வகை. காற்றுப் படும் பரப்பு குறைவதால் உலர்வதும் குறைகிறது.

இரவு மூடி வைத்துக் காலையில் திறந்தால் மட்டும் எழுதவில்லை, பிறகு நாள் முழுக்க ஒழுங்காக எழுதுகிறது என்றால் நிப்பை விட்டுவிடுங்கள். மூடிதான் காற்றை விடுகிறது. மூடியின் உள்குழாயில் கீறல் இருக்கிறதா, கிளிப் செருகிய இடத்தில் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். மூடியின் திறந்த பக்கத்தை வாயில் வைத்து உறிஞ்சினால் காற்று வருவது தெரிந்துவிடும்.

அறிகுறி: அரைப் பக்கம் நன்றாக ஓடி, பிறகு கோடு வெளிறுகிறது

இது நுனியின் கோளாறு அல்ல, மை வரத்துக் கோளாறு. நீங்கள் செலவழிக்கும் வேகத்துக்கு நாக்கு மையைக் கொண்டுவரவில்லை. வெளிறும் அந்தக் கணத்தில் பேனாவின் உடலைத் திருகிக் கழற்றி, மையை உறிஞ்சி வைத்திருக்கும் சிறு குழாயான கன்வெர்ட்டரைப் பாருங்கள். மை முழுதும் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு, நாக்கின் பக்கம் காற்று மட்டும் இருந்தால், மையின் பரப்பிழுவிசை அதைக் குறுகிய குழாயில் தொங்கவைத்திருக்கிறது என்று அர்த்தம். விரலால் தட்டினால் இறங்கும். நிரந்தரமாகத் தீர, கன்வெர்ட்டரின் உள்புறத்தைச் சோப்பு நீரால் கழுவுங்கள். துருப்பிடிக்காத எஃகுக் குண்டு சிறியதாக ஒன்று உள்ளே போட்டுவிட்டால் பேனா அசையும்போதெல்லாம் அது மையை உடைத்துவிடும். பைலட்டின் கான்-40 கன்வெர்ட்டருக்குள் குட்டிக் குண்டுகள் இருப்பது இதற்குத்தான். சாதா இரும்புக் குண்டு போட்டால் துருவேறி மையும் கெடும்.

மை நாக்கின் பக்கமே இருக்கிறது, இருந்தும் வெளிறுகிறது என்றால் கன்வெர்ட்டரை ஒரு துளி வெளியே தள்ளும் அளவு திருகி, நாக்கை நனைத்துவிட்டு எழுதுங்கள். மறுபடி அரைப் பக்கம் ஓடி மறுபடி வெளிறினால் நாக்கின் காற்று வழி அடைபட்டிருக்கிறது. காற்று உள்ளே போகாமல் மை வெளியே வராது. இரவு முழுக்க நிப்போடு கழுத்தை வெறும் நீரில் ஊறவிட்டு, காலையில் சோப்புக் கழுவல் செய்து, மெல்லிய தாளில் நிப் கீழ்நோக்கி இருக்கும்படி சுற்றி அரை நாள் உலர விடுங்கள்.

நனைத்த முதல் வரியே வெளிறுகிறது என்றால்தான் நிப்பின் பிளவைப் பார்க்கவேண்டும். கழுவிய நிப்பை விளக்குக்கு எதிரே பிடித்தால், மூச்சுத்துளையிலிருந்து (பிளவின் மேல்முனையில் உள்ள சிறு துளை) நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போகும் ஒளிக்கீற்று தெரியவேண்டும். நுனியில் அது மயிரிழையாகிக் கிட்டத்தட்ட மறையலாம். ஒளியே தெரியவில்லை என்றால் கால்கள் இறுகியிருக்கின்றன. பித்தளைத் தகட்டை மூச்சுத்துளைப் பக்கமிருந்து செருகி, நுனிவரை ஐந்தாறு முறை இழுங்கள். லேசாக இடவலமாக அசைத்தால் போதும். பிளேடு வேண்டாம், அதன் விளிம்பு நுனிக்குண்டின் உள்முகத்தைக் கீறிவிடும். தங்க நிப் என்றால் பாதி பலத்தில் தொடங்குங்கள், அது வளைந்த இடத்திலேயே நின்றுவிடும். நேர்மாறாக, பிளவு நுனியில் அகன்றும் மேலே ஒடுங்கியும் இருந்தால் மை நுனிவரை வராமல் மேலேயே நின்றுபோகும். நுண்குழாய் ஈர்ப்பு எப்போதும் ஒடுங்கிய பக்கத்துக்குத்தான் மையை இழுக்கும். பேனாவை யாரோ பலமாக அழுத்தியதன் அடையாளம் அது.

வேகத்தில் மட்டும் இரட்டைத் தண்டவாளம் போல இரண்டு கோடு விழுந்து நடுவில் வெள்ளை தெரிகிறதா? அது நெகிழும் நிப். அழுத்தினால் கால்கள் விரிந்து அழகான பட்டைக் கோடு தரும். ஆனால் விரிந்த கால்கள் சேருமுன் அடுத்த எழுத்துக்குப் போய்விடும் கைக்கு அது தோதல்ல. அலங்கார எழுத்துக்கு ஒதுக்கி வையுங்கள்.

அறிகுறி: தாளைக் கீறுகிறது

கீறல் என்று சொல்வதில் இரண்டு உண்டு. மெல்லிய நிப் தாளின் நார்களை உணர்ந்து பென்சில் போல ‘சர்சர்’ என்று சொல்வது ஒன்று. அது கோளாறு அல்ல. வேகத்தில் கையைக் கட்டுக்குள் வைக்க அந்த உராய்வு உண்மையில் உதவி. மற்றது, ஒரு திசையில் மட்டும் பிடித்துக்கொண்டு நாரைக் கிளப்புவது. அதைத்தான் சரிசெய்ய வேண்டும்.

அழுத்தாமல் நான்கு திசையிலும் கோடு இழுங்கள். வலப்பக்கம் போகும்போது மட்டும் கீறினால், நீங்கள் எழுதும் கோணத்திலிருந்து பார்க்க இடக்கால் தாழ்ந்திருக்கிறது. அதன் உள்விளிம்பு முன்னே நின்று தாளை வெட்டுகிறது. இடப்பக்கம் போகும்போது கீறினால் வலக்கால் தாழ்ந்திருக்கிறது. நுனியை முகத்துக்கு நேரே திருப்பி லென்ஸில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு தாழ்ந்த காலின் அடியில், நாக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து மேல்நோக்கி மெல்லத் தூக்கி மூன்று விநாடி பிடியுங்கள். விட்டதும் பாருங்கள். மாறவில்லை என்றால் கொஞ்சம் கூடுதல் அழுத்தம். ஒரே தடவையில் நேராக்க நினைத்தால் மறுபக்கம் போய்விடும், பிறகு இரண்டு காலையும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டே இருக்கவேண்டியதுதான். நேராக்கிய நிப்பை ஒரு நாள் விட்டு மறுபடி பாருங்கள். சில பழைய இடத்துக்கே கொஞ்சம் திரும்பியிருக்கும்.

கால்கள் நேராக இருந்தும் எல்லாத் திசையிலும் கீறினால் முதலில் மையைக் கூட்டுங்கள். மை ஒரு மசகு. அது குறைந்த நிப் கீறத்தான் செய்யும். மை தாராளமாக வந்தும் கீறினால்தான் மைக்ரோமெஷ். ஐந்து எட்டு வலச்சுற்றில், ஐந்து இடச்சுற்றில், அவ்வளவுதான். இன்னும் வழுவழுப்பு வேண்டும் என்று ஆசைப்பட்டுத் தேய்த்துக்கொண்டே போனால் மேலே சொன்ன குழிவை நம் கையாலேயே உண்டாக்கிவிடுவோம். புள்ளி தவறும் நிப்புகளில் ஒரு பங்கு இப்படி உருவானவையே.

அறிகுறி: பிறகு படித்தால் ண எது, ன எது என்று தெரியவில்லை

இங்கேதான் நிப்பின் அளவு உண்மையிலேயே பேசவேண்டிய விஷயம். ஆங்கிலக் குறிப்புக்கு எம் (நடுத்தர) அளவு போதும் என்று படித்துவிட்டு அதையே வாங்குகிறவர்கள் தமிழில் திண்டாடுவது இதனால்தான். வேக எழுத்தில் எழுத்தின் உயரம் 3 மி.மீ. சுற்றி வரும். அதற்குள் ண-வின் சுழி ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் வெளி அகலம் 1.2 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 0.7 மி.மீ. கோடு போடும் நிப் என்றால் சுழியின் இரு கரைக்கும் சேர்த்து 1.4 மி.மீ. வேண்டும். உள்ளே வெள்ளையே மிஞ்சாது. சுழி அடைந்து குமிழாகிவிடும். 0.5 என்றால் 0.2 மி.மீ. மிஞ்சும், மை கொஞ்சம் ஊறினாலும் அதுவும் போய்விடும். 0.35 என்றால் அரை மி.மீ. வெள்ளை நிற்கும். ண, ன, ஞ, இ, ஐ, ணை, னை எல்லாம் இந்தக் கணக்கில் அடங்கும்.

உங்கள் கையெழுத்தை அளந்தே முடிவு செய்யலாம். வேகமாக எழுதிய ஒரு பழைய பக்கத்தில் பத்து ண-வைத் தேடி, ஒரு சுழியின் வெளி அகலத்தை அளவுகோலால் பாருங்கள். கோட்டின் அகலம் அதில் மூன்றில் ஒன்றைத் தாண்டக்கூடாது. 1.2 மி.மீ. சுழிக்கு 0.4. பெரிதாக எழுதி சுழி 1.8 வந்தால் 0.6 வரை போகலாம்.

இனி நிப்பில் பொறித்த எழுத்து. அது அளவு அல்ல, அந்தந்த நிறுவனத்தின் வழக்கம். ஐரோப்பிய வகைகளில் இஎஃப் (மிக மெலிது) சுமார் 0.4, எஃப் (மெலிது) 0.5 முதல் 0.6, எம் 0.7 முதல் 0.8 மி.மீ. கோடு தரும். ஜப்பானிய வகைகள் ஏறக்குறைய ஒரு படி மெல்லியவை. பைலட், பிளாட்டினம், செய்லர் ஆகியவற்றின் எஃப் ஐரோப்பிய இஎஃபுக்குப் பக்கத்தில் வரும், சில அதைவிடவும் மெலிதாக. பிளாட்டினத்தின் பிரெப்பி என்ற பேனாவில் 02, 03, 05 என்று எண்ணாகவே போட்டிருப்பார்கள், முறையே 0.2, 0.3, 0.5 மி.மீ. என்று கொள்ளலாம். நிப் பார்த்துத் தேர்ந்தெடுக்க, முதலில் பிரெப்பி 03-உம் 05-உம் வைத்து ஒரு வாரம் குறிப்பெடுத்துப் பார்ப்பது நல்ல வழி. எது ஒத்துவருகிறதோ அதற்கு ஈடான நிப்பைப் பிறகு வேறு பேனாவில் தேடலாம்.

தமிழ் வேக எழுத்துக்கு ஒற்றைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னால்: ஜப்பானிய எஃப், அல்லது ஐரோப்பிய இஎஃப், எஃகு, நெகிழாதது. ஜப்பானிய இஎஃப் சுழிக்கு நல்லதுதான், ஆனால் அந்த ஊசிமுனை சொரசொரப்பான தாளில் நாரைக் கிளப்பும். நார் பிளவில் மாட்டினால் கோடு திடீரென்று தடித்துவிடும், பித்தளைத் தகட்டால் எடுக்கவேண்டி வரும். தங்கம் வேண்டுமா என்றால், 14 காரட் என்று 585 முத்திரை குத்திய நிப்பிலும் தாளைத் தொடுவது தங்கம் இல்லை. எஃகு நிப்பில் இருப்பது போன்ற கடின உலோகக் கலவைக் குண்டுதான். வேகத்துக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை.

அறிகுறி: மை ஊறுகிறது, பின்பக்கம் தெரிகிறது, கை பட்டு இழுபடுகிறது

மூன்றும் ஒரே கேள்வியின் மூன்று பதில்கள்: தாளில் எவ்வளவு மை போகிறது, அது எங்கே போகிறது? உறிஞ்சும் தாளில் பக்கவாட்டிலும் கீழும் பரவி, ஊறலாகவும் பின்பக்கக் கறையாகவும் வரும். உறிஞ்சாத தாளில் மேலேயே நின்று, உலர நேரமெடுத்து, கையில் அப்பும். இரண்டுக்கும் பொதுவான மருந்து மையின் அளவைக் குறைப்பது. நிப்பை ஒரு படி மெலிதாக்குங்கள், அல்லது பெலிக்கான் 4001 போன்ற வறண்ட குணமுள்ள மைக்கு மாறுங்கள். இரும்புச் சத்து சேர்த்த நீல-கறுப்பு மைகள் மலிவுத் தாளிலும் கோட்டைக் கட்டுக்குள் வைக்கும். ஆனால் அமிலத்தன்மை உள்ளவை என்பதால் பேனாவில் மாதக்கணக்கில் விட்டு வைக்காமல், நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை கழுவவேண்டும்.

உலரும் நேரத்தை அளக்க, ஐந்து கோடு இழுத்து, 3, 6, 10, 15, 20 விநாடி கழித்து ஒவ்வொன்றாக விரலால் தேயுங்கள். குறிப்பெடுக்கும்போது பக்கத்தைத் திருப்ப 5 விநாடிக்கு மேல் காத்திருக்க முடியாது. 52 ஜிஎஸ்எம் டொமோயே ரிவர் போன்ற தாள்கள் மையின் நிறத்தை அற்புதமாகக் காட்டும், ஆனால் உலர்வதில் மகா சோம்பேறி. நாட்குறிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். உடனே உறிஞ்சும் என்று விற்கப்படும் மைகள் பெரும்பாலும் தாளில் கூடுதலாக ஊறும். அதாவது ஒரு நோயை விட்டு இன்னொன்று. இடக்கைப் பழக்கமுள்ளவர்கள், எழுதிய வரியின் மேலேயே கை போகும்படி பிடித்தால், ஜப்பானிய எஃப்பும் வறண்ட மையும் கட்டாயம். கோட்டுக்குக் கீழே கையை வைத்து எழுதுகிறவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒரு உறிஞ்சுதாள் துண்டைப் பக்கத்துக்கு நடுவே வைத்து, திருப்பும்போது அதோடு சேர்த்துத் திருப்பினால் எதிர்ப்பக்கம் அச்சுப்படாது.

அறிகுறி: பக்கத்தின் கீழ்ப்பாதியில் மட்டும் விட்டு விட்டு எழுதுகிறது

நிப் நிரபராதி. கை அதுவரை ஊன்றியிருந்த இடத்தில் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் தாளில் ஏறியிருக்கிறது, மை ஒட்டவில்லை. கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் வைத்து எழுதுங்கள், அடுத்த பக்கமே வித்தியாசம் தெரியும்.

அறிகுறி: சில எழுத்துகள் மட்டும் மங்கல், பேனாவைத் திருப்பிப் பிடித்தால் சரியாகிறது

வேகத்தில் பேனா உருண்டு, ஒரு கால் மட்டும் தாளைத் தொடுகிறது. நுனி உருண்டையாக உள்ள நிப் இதைக் கொஞ்சம் மன்னிக்கும். 1.1 மி.மீ. ஸ்டப் போன்ற தட்டை நுனி மன்னிக்கவே மன்னிக்காது, ஒரு ஓரம் தூக்கினால் எழுத்து நின்றுவிடும். ஸ்டப்பில் கீழ்நோக்கிய கோடு தடித்துப் படுக்கைக் கோடு மெலியும் அழகு கடிதத்துக்குச் சரி. விரல்களுக்குத் தடம் காட்டும் முக்கோணக் கழுத்துள்ள லாமி சஃபாரி, பைலட் காகுனோ போன்றவை உருளலைத் தடுக்கும். ஆனால் அந்தத் தடம் உங்கள் பிடிக்கு ஒத்துவராவிட்டால் நிப் எப்போதும் கோணலாகவே நிற்கும். வாங்குமுன் பிடித்துப் பாருங்கள்.

அறிகுறி: ரெண்டு பக்கத்தில் கட்டைவிரல் வலிக்கிறது, கோடும் வரவரப் பட்டையாகிறது

பால்பாயிண்ட் பழக்கம். குறிப்பேட்டின் அடுத்த தாளை விரலால் தடவுங்கள். எழுத்தின் தடம் கையில் தட்டுப்பட்டால் அழுத்தம் அதிகம். மைப்பேனாவுக்கு அதன் சொந்த எடையே போதும். பேனாவைத் தாளுக்கு 45 முதல் 55 டிகிரி சாய்த்து, பின்னால் தள்ளிப் பிடித்து ஒரு வாரம் எழுதினால் குறையும். பால்பாயிண்ட் போல நிமிர்த்திப் பிடித்தால் நுனிக்குண்டின் தவறான முகம் தாளில் படும், கீறலும் வரும்.

பழக்கம் போகாது என்றால் கையோடு சண்டை போடாமல் நிப்பைத் தேர்ந்தெடுங்கள். மிக விறைப்பான எஃகு நிப். கார்பன் தாள் வைத்து நகலெடுத்த காலத்தில் அதற்கென்றே மேனிஃபோல்ட் என்ற விறைப்பு நிப்புகள் செய்தார்கள். குணத்தில் அதற்குப் பக்கத்தில் இருப்பவை இன்றைய சிறிய எஃகு நிப்புகள்தான். வலி மட்டும் இருந்து அழுத்தம் இல்லை என்றால் மூடியைப் பின்னால் செருகாமல் எழுதிப் பாருங்கள். எடை பின்னுக்குப் போவதே காரணமாக இருக்கலாம். கழுத்து 9 மி.மீ.க்குக் கீழே மெலிந்திருந்தால் விரல் இறுக்கிப் பிடிக்கத்தான் செய்யும்.

அறிகுறி: திடீரென்று சொட்டு விழுகிறது, மூடிக்குள் மை

உடலுக்குள் நேரடியாக மை ஊற்றும் பேனாவில் மை மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்தால் மேலே இருக்கும் காற்று கைச்சூட்டில் விரிந்து மையைத் தள்ளும். பேனா கக்குகிறது என்பது இதைத்தான். அந்த அளவுக்கு முன்பே நிரப்பிவிடுங்கள், அல்லது அந்த உடலில் கன்வெர்ட்டர் செருக முடிந்தால் அதையே போடுங்கள். மூடிக்குள் மட்டும் மை இருந்தால், அழுத்தி மூடும் வகை மூடியை வெடுக்கென்று இழுத்திருப்பீர்கள். அந்த உறிஞ்சலில் மை வெளியே வரும். மெல்லத் திறந்தால் போதும். அடிக்கடி திறந்து மூடும் வேலைக்கு மூன்று சுற்றுத் திருகு மூடி தொல்லைதான். ஒன்றரைச் சுற்றுக்குள் திறப்பதைப் பாருங்கள். 1963 முதல் பைலட் செய்துவரும் கேப்லெஸ் வகையில் மூடியே இல்லை, பின்புறம் அழுத்தினால் நிப் வெளியே வரும். அதன் கிளிப் விரல் பிடிக்கும் இடத்திலேயே இருக்கும். சிலர் கைக்கு அது அறவே ஆகாது.

கடைசியில் நிப்பைத்தான் மாற்றவேண்டும் என்றால்

கழற்றுமுன் நிப்பும் நாக்கும் கழுத்தில் எவ்வளவு ஆழம் போயிருக்கின்றன என்று பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து வையுங்கள். லாமி சஃபாரி நிப்பை மேலே ஒட்டும் டேப் ஒட்டி நேராக முன்னோக்கி இழுத்தால் வரும், நாக்கு அங்கேயே இருக்கும். ஜோவோ, பாக் போன்ற நிறுவனங்களின் நிப்புகள் பல பேனாக்களில் திருகிக் கழற்றும் கூட்டாக வரும். மற்றபடி உராய்வில் நிற்பவற்றை, வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் வைத்து, ரப்பர் துண்டால் நிப்பையும் நாக்கையும் சேர்த்துப் பிடித்து, திருகாமல் நேராக இழுக்கவேண்டும். திருகினால் நாக்கின் காற்றுப் பள்ளங்கள் உடையும். 5-ஆம் எண், 6-ஆம் எண் என்று ஒரே எண் போட்டிருந்தாலும் ஒரு நிறுவனத்தின் நிப் இன்னொன்றின் நாக்கில் உட்காரும் என்ற உத்தரவாதம் இல்லை. வளைவு மாறினால் நடுவில் இடைவெளி விழும், மை நாக்கிலிருந்து நிப்புக்குத் தாண்டாது. எபொனைட் (கடின ரப்பர்) நாக்கு என்றால் அதற்கு மருந்து உண்டு: நிப்பைச் செருகிய பிறகு கழுத்தை விட்டு நுனியை மட்டும் 20, 30 விநாடி வெந்நீரில் வைத்து, நாக்கை நிப்போடு விரலால் அழுத்திப் பிடித்துக் குளிர்ந்த நீரில் காட்டுங்கள், அந்த வளைவிலேயே நிற்கும். பிளாஸ்டிக் நாக்கில் இதை முயலவேண்டாம். செருகியதும் வெளிச்சத்துக்கு எதிரே பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். நிப்புக்கும் நாக்குக்கும் நடுவே ஒளி தெரிந்தால் மறுபடி கழற்றவேண்டியதுதான். தெரியாவிட்டால் மை ஊற்றி, ‘க்’ முப்பது தரம்.